பள்ளி அரங்கின் பழைய லைட்டிங் கன்சோலை மாற்றும் முன்

பள்ளி அரங்கில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உழைத்துவரும் 48 சேனல் (தனித்தனிக் கட்டுப்பாடு) கொண்ட லைட்டிங் கன்சோலில், அதாவது விளக்குகளை இயக்கும் பலகையில், ஆறேழு ஃபேடர்கள் (ஒளியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் பிடிகள்) தடுமாறுகின்றன, கியூக்கள் என்று பதிந்துவைத்த ஒளியமைப்புகள் மின்சாரத்தை நிறுத்தி மறுநாள் போட்டால் காணாமல் போகின்றன, புதிதாக வாங்கிய எட்டு எல்இடி விளக்குகளின் நிறத்தை அதிலிருந்து மாற்றுவது பெரும்பாடாக இருக்கிறது, ஆகவே இதற்குப் பதிலாக எந்தக் கன்சோலை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்கள் 24 இருப்பதாகவும், அவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்று விற்பனையாளர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கன்சோலின் பெயரைக் கேட்பதுபோல் இருந்தாலும், புதிய கன்சோல் பழைய டிம்மர்களோடு ஒத்துப்போகுமா, ஒளியமைப்பில் பயிற்சியில்லாத ஓர் ஆசிரியரும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கும் மாணவர்களும் அதை இயக்கிவிட முடியுமா என்பவைதான் நீங்கள் உண்மையில் அறிய விரும்புபவை என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்கு, பட்டறிந்ததை வைத்து என் கருத்தைத்தான் சொல்ல முடியும்.

நான் நாடக அரங்குகளில் லைட்டிங் ஆபரேட்டராகத் தொடங்கி, பிறகு பல பள்ளி அரங்குகளில் விளக்குகளை அமைத்துக் கொடுப்பதையும் மாணவர்களுக்குக் கற்றுத்தருவதையும் தொழிலாகக் கொண்டவன். மின்பணியாளன் அல்லன். எனவே டிம்மர் அடுக்கின் உள்ளே இருக்கும் மின்னிணைப்பு பற்றி நான் சொல்வதைத் தகுதிபெற்ற ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே செயல்படுத்த வேண்டும். உங்கள் அரங்கை நான் பார்த்ததில்லை என்பதால், குற்றம் எங்கே இருக்கிறது என்று நீங்களே கண்டறியும் வழியைத்தான் கீழே எழுதுகிறேன்.

கியூக்கள் அழிந்துபோவதிலிருந்து தொடங்கலாம். அந்தக் காலத்துக் கன்சோல்கள் பலவற்றில் நினைவகம் உள்ளே இருக்கும் ஒரு சிறு பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். அந்தப் பேட்டரி தீர்ந்தால் நீங்கள் சொல்லும் அறிகுறிதான் முதலில் தெரியும். இதைச் சரிசெய்ய ஒரு மின்னணுப் பழுதுபார்ப்பவருக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அது நிக்கல் காட்மியம் வகைப் பேட்டரியாக இருந்து கசிந்திருந்தால், கசிந்த காரம் சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களை அரித்திருக்கும். அப்போது கதை வேறு. கன்சோலைத் திறந்து பேட்டரியைச் சுற்றிப் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஃபேடர் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் அதன் கார்பன் தடத்தில் படிந்த தூசியும் தேய்மானமுமே காரணம். தூசியென்றால் ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனர் ஸ்பிரே சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். தேய்மானமென்றால் ஃபேடரையே மாற்ற வேண்டும். பழைய மாடல்களுக்கு அதே அளவு ஃபேடர் கிடைப்பது அரிது.

தடுமாறுவது ஃபேடர்தானா என்பதையே முதலில் சோதியுங்கள். ஒரு ஃபேடரில் சிமிட்டும் விளக்கை வேறொரு ஃபேடருக்கு மாற்றி இணைத்துப் (இதைத்தான் பேட்ச் செய்வது என்பார்கள்) பாருங்கள். சிமிட்டல் ஃபேடரோடு நின்றுவிட்டால் குற்றம் கன்சோலில். விளக்கோடு சேர்ந்து வந்தால் டிம்மரிலோ, பல்பிலோ, பிளக்கிலோ. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் துடித்தால் கன்சோலையும் டிம்மரையும் விட்டுவிட்டு, கன்சோலின் கட்டளைகளை டிம்மர்களுக்கும் விளக்குகளுக்கும் கொண்டுசெல்லும் டிஎம்எக்ஸ் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு பள்ளியில் கன்சோல் செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியதற்கு நிதிகூடத் திரட்டத் தொடங்கியிருந்தார்கள். போய்ப் பார்த்தபோது, யாரோ அவசரத்துக்கு இருபது மீட்டர் மைக்ரோஃபோன் கேபிளை நடுவில் சேர்த்திருந்ததும், வரிசையின் கடைசி விளக்கில் டெர்மினேட்டர் இல்லாததும்தான் காரணம் என்று தெரிந்தது. மைக் கேபிளில் டிஎம்எக்ஸ் ஓடும். ஓடவேண்டிய நாளில்தான் ஓடாது. அதன் மின்மறுப்பு இந்த சிக்னலுக்குப் பொருந்தாததால், சிக்னல் கேபிளின் முனையில் மோதித் திரும்பி வந்து தன்னையே குழப்பிக்கொள்கிறது. கடைசிக் கருவியில் இரண்டாம், மூன்றாம் பின்களுக்கு இடையே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பொருத்துவதுதான் டெர்மினேட்டர். உங்கள் எட்டு எல்இடி விளக்குகளைச் சேர்த்தவர்கள் ஒரு ஒய் கேபிளால் கிளை பிரித்திருந்தால் அதையும் நீக்குங்கள். டிஎம்எக்ஸ் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகச் செல்ல வேண்டியது. கிளை தேவைப்பட்டால் ஸ்ப்ளிட்டர் என்னும் கருவி வழியாகத்தான் பிரிக்க வேண்டும்.

இனி டிம்மர்களுக்கு வருவோம். அமெரிக்காவின் அரங்கத் தொழில்நுட்ப அமைப்பான யுஎஸ்ஐடிடி 1986-இல் டிஎம்எக்ஸ் 512 என்னும் பொதுமொழியை வகுத்தது; 1990-இல் அது திருத்தப்பட்டது; 2004-இல் ஈ1.11 என்ற பெயரில் தேசியத் தரமாகவே ஆனது. ஒரு கேபிளில் 512 சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் அளவு, நொடிக்கு 2,50,000 பிட் வேகம், 512 சேனலையும் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 44 முறை புதுப்பிப்பு: அடிப்படை இவ்வளவுதான். இந்த அடிப்படையைப் பிந்தைய திருத்தங்கள் குலைக்கவில்லை என்பதால், 1995-இல் செய்த டிம்மரோடு இன்று செய்த கன்சோல் பேசும். ஆகவே கன்சோலை மாற்றுவதாலேயே டிம்மர்களையும் மாற்றியாக வேண்டும் என்று உங்கள் விற்பனையாளர் சொல்லியிருந்தால், அந்தக் காரணம் சரியல்ல. டிம்மர்களை மாற்ற வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம்: உதிரிபாகம் கிடைக்காமை, வெப்பத்தில் கருகிய முனைகள், எதிர்காலத்தில் எல்லா விளக்கும் எல்இடி ஆகப்போவது. ஆனால் அது தனி முடிவு, தனிச் செலவு.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிம்மர் அடுக்கின் பின்புறம் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் என்னும் வட்டமான சாக்கெட் ஐந்து பின்களோடு இருந்தால் கிட்டத்தட்ட உறுதியாக டிஎம்எக்ஸ்தான். பல பின்கள் கொண்ட பெரிய சாக்கெட் மட்டும் இருந்தால், ஒவ்வொரு டிம்மருக்கும் தனிக் கம்பியில் 0 முதல் 10 வோல்ட் வரை அனுப்பும் அனலாக் முறையாக இருக்கலாம். நான்கு பின் எக்ஸ்எல்ஆர் என்றால் ஸ்ட்ராண்ட் நிறுவனத்தின் பழைய ஏஎம்எக்ஸ் 192 முறையாக இருக்கக்கூடும். இவற்றுக்கும் டிஎம்எக்ஸுக்கும் இடையே மொழிபெயர்க்கும் டீமக்ஸ் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் அந்த நிலைக்கு வந்துவிட்டால் டிம்மர்களையே மாற்றுவது நல்லது என்பேன். மூன்று பின் சாக்கெட்டை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. தரவரையறை அதை அனுமதிக்காவிட்டாலும் மலிவான டிஎம்எக்ஸ் கருவிகள் பலவும் அதைத்தான் வைத்திருக்கின்றன.

பழைய டிம்மரும் புதிய கன்சோலும் சேரும்போது வரும் இரண்டு தொல்லைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இவை வந்தால் புதிய கன்சோல் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலாவது ஆர்டிஎம். விளக்குகள் கன்சோலுக்குப் பதில் சொல்வதற்காக 2006-இல் வந்த ஈ1.20 தரம் அது; அதே கம்பிகளில் ஓடுகிறது. ஒவ்வொரு டிஎம்எக்ஸ் தொகுப்பும் ஸ்டார்ட் கோட் என்னும் ஓர் எண்ணோடு தொடங்கும். விளக்கின் அளவுகளைச் சொல்லும் தொகுப்புக்கு அந்த எண் பூஜ்யம், ஆர்டிஎம் தொகுப்புக்கு வேறு எண். சில பழைய டிம்மர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆர்டிஎம் செய்தியையும் விளக்கின் அளவு என்று எண்ணி, மேடையில் மின்னலடிக்கும். கன்சோலின் அமைப்பில் ஆர்டிஎம்மை அணைத்தால் நின்றுவிடும். இரண்டாவது வேகம். தரவரையறை அனுமதிக்கும் உச்ச வேகத்தைச் சில பழைய கருவிகளால் பின்தொடர முடியாது. டிஎம்எக்ஸ் வெளியீட்டு வேகத்தைக் குறைக்கும் வசதி பல கன்சோல்களில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாடலில் இவ்விரண்டும் உண்டா என்று கேளுங்கள்.

எல்இடி விளக்குகள் ஏன் பெரும்பாடாக இருக்கின்றன என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். டிம்மர்கள் 24 சேனல். எட்டு எல்இடி விளக்குகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் முறையில் வைத்தால் இன்னொரு 24. உங்கள் 48 சேனல் கன்சோல் அங்கேயே நிரம்பிவிட்டது. விளக்குகள் எட்டு சேனல் முறையில் இருந்தால் அவற்றுக்கு மட்டும் 64 வேண்டும். பழைய கன்சோலால் எட்டவே முடியாது. பேட்டரியையும் ஃபேடரையும் சரிசெய்தாலும் தீராத குறை இது ஒன்றுதான். எனவே மாற்றுவது என்ற உங்கள் முடிவு சரியே. நாளை தானே திரும்பும் மூவிங் ஹெட் விளக்குகள் நான்கு வந்து, ஒவ்வொன்றும் இருபது சேனல் எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 24, 64, 80 சேர்ந்து 168. ஒரு யுனிவர்ஸ் எனப்படும் 512 சேனலில் மூன்றில் ஒரு பங்குதான். எட்டு யுனிவர்ஸ், பதினாறு யுனிவர்ஸ் என்று விளம்பரத்தில் வரும் எண்களுக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை: அந்த எட்டு விளக்குகளில் ஏதாவது ஒன்று டிம்மரின் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். டிம்மர் மின்னலையை வெட்டித்தான் ஒளியைக் குறைக்கிறது. அந்த வெட்டுப்பட்ட மின்சாரம் எல்இடி விளக்கின் மின்வழங்கியைக் கெடுக்கும். முழு அளவில் வைத்தால் பரவாயில்லை என்று சொல்வார்கள்; அதையும் நான் ஏற்பதில்லை. நேரடி மின்சாரமோ ரிலே வழியாக வரும் மின்சாரமோதான் வேண்டும்.

எந்தக் கன்சோல் என்பதில் நான் ஒருமுறை தவறிய கதையைச் சொன்னால் என் கருத்தின் காரணம் விளங்கும். ஒரு பள்ளிக்கு, வளரட்டும் என்ற நல்லெண்ணத்தில், தொழில்முறை அரங்குகளில் இருப்பதைப் போன்ற ஒரு கன்சோலைப் பரிந்துரைத்தேன். ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் ஒரு விடுமுறை முழுவதும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த ஆண்டு நாடகம் மிக அழகாக இருந்தது. அடுத்த ஆண்டு அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அதன் பிறகு நான் போனபோது, முழு மேடையும் எரியும் ஒரே ஒரு கியூவைப் பதிந்து, கன்சோலின் மேல் ஒரு தாளை ஒட்டி, இந்தப் பொத்தானைத் தவிர எதையும் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவு பெரிய கருவி ஒரு சுவிட்சாக முடிந்தது. தவறு கன்சோலுடையது அன்று, அந்தப் பள்ளியுடையதும் அன்று, என்னுடையது.

பள்ளி அரங்கில் ஆண்டு முழுவதும் நடப்பவற்றில் பெரும்பகுதி கூட்டம், பரிசளிப்பு, பேச்சு, இசை. அவற்றுக்கு வேண்டியது, யார் வந்தாலும் மேலே தள்ளினால் மேடை ஒளிரும் நான்கைந்து ஃபேடர்கள்: முன்பக்க ஒளி, பேச்சு மேடை, பின்திரை நிறம், முழு மேடை. ஆண்டுக்கு ஓரிரு முறை நடக்கும் நாடகத்துக்குத்தான் வரிசையாகக் கியூக்களைப் பதிந்து ஒரு பொத்தானால் ஓட்டும் வசதி தேவை. ஆகவே ஃபேடர்கள் நிறைய உள்ள, அவற்றின் மேல் பெயர் எழுதி ஒட்ட இடமுள்ள, கியூ வரிசையும் ஓட்டத் தெரிந்த, எல்இடி விளக்கின் நிறத்தைத் திரையில் தொட்டுத் தேர்ந்தெடுக்கக்கூடிய நடுத்தரக் கன்சோலையே நான் தேர்ந்தெடுப்பேன். ஈடிசி நிறுவனத்தின் கலர்சோர்ஸ், ஜீரோ 88 நிறுவனத்தின் எஃப்எல்எக்ஸ் எஸ், கேம்சிஸ் நிறுவனத்தின் குவிக்கியூ ஆகிய வரிசைகள் இந்த எண்ணத்தோடு செய்யப்பட்டவை. நாடகம் உங்கள் பள்ளியில் ஒரு பாடமாகவே இருந்து, மாணவர் சிலர் இதைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பிருந்தால், ஈடிசியின் இயோஸ் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய கன்சோல் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பெரிய அரங்குகளில் உள்ளதும் அதே மென்பொருள்தான் என்பதால் இங்கே கற்பது அங்கே உதவும். ஆனால் அதில் டிராக்கிங் என்னும் முறை இயல்பாகவே செயல்படும்: ஐந்தாம் கியூவில் ஏற்றிய விளக்கு, யாரும் இறக்கும்வரை ஆறு, ஏழு, எட்டு என்று தொடர்ந்து எரியும். பழகியவருக்கு அது வரம். பழகாத மாணவர் ஐந்தாம் கியூவைத் திருத்தி, எட்டாம் கியூ ஏன் மாறியது என்று ஒத்திகையில் விழிப்பார்.

கணினியில் மென்பொருளை நிறுவி ஓட்டலாமே என்று யாராவது சொல்லக்கூடும். க்யூஎல்சி பிளஸ் என்பது கட்டணமில்லாத திறந்த மூல மென்பொருள், திறமையானது. இயோஸ் மென்பொருளையும் கணினியில் கற்றுக்கொள்ள இலவசமாக நிறுவலாம். விளக்குகளுக்கு வெளியீடு வேண்டுமென்றால்தான் அதற்குரிய யுஎஸ்பி சாவி வேண்டும். கற்பதற்கும், வீட்டிலேயே கியூக்களைத் தயார்செய்வதற்கும் இவை அருமை. பொது அரங்கின் ஒரே கட்டுப்பாடாக வைப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை. நிகழ்ச்சி நடுவே கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். அல்லது அந்த மடிக்கணினியையே யாராவது வகுப்புக்கு எடுத்துப் போயிருப்பார்கள். அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தால், யுஎஸ்பியிலிருந்து டிஎம்எக்ஸ் தரும் இன்டர்ஃபேஸில் சிக்கனம் பார்க்காதீர்கள். மிக மலிவானவை சிக்னலின் நேரக்கணக்கைக் கணினியிடமே விட்டுவிடுகின்றன, கணினி வேறு வேலையில் இருந்தால் விளக்கு தடுமாறும். சொந்தச் செயலி உள்ளவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

டிஎம்எக்ஸ் அளவுகளைக் கணினி நெட்வொர்க் வழியாக அனுப்பும் ஆர்ட்நெட், எஸ்ஏசிஎன் ஆகிய முறைகள் உங்கள் அளவுக்குத் தேவையில்லை. புதிய கன்சோலில் அந்தச் சாக்கெட் இருக்கும். அதைப் பள்ளியின் பொது நெட்வொர்க்கில் மட்டும் செருகிவிடாதீர்கள்.

பழைய கியூக்களைப் புதிய கன்சோலுக்குக் கொண்டுவர முடியுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். யுஎஸ்ஐடிடி ஆஸ்கி என்னும் பொதுவான உரைவடிவம் ஒன்று உண்டு. பழைய கன்சோல் அந்த வடிவில் வெளியே எழுதினால் சில புதிய கன்சோல்கள் படித்துக்கொள்ளும். ஆனால் மறுநாளே மறந்துபோகும் கன்சோலிலிருந்து எதைக் காப்பாற்றுவது? எந்த எண் எந்த விளக்கு, எந்த டிம்மர் விளக்குகள் தொங்கும் எந்தக் குழாயில் என்ற பட்டியலைத் தாளில் எழுதி வையுங்கள். அதுதான் உண்மையான சொத்து.

பாதுகாப்பு பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. டிஎம்எக்ஸ் சிக்னலில் பிழை கண்டறியும் ஏற்பாடு இல்லை. எனவே வெடி, தீப்பொறி, ஆளைத் தூக்கும் வின்ச் போன்றவற்றை அதனால் இயக்கக்கூடாது என்று தரவரையறையே சொல்கிறது. அவசர விளக்குகள் கன்சோலையோ டிம்மரையோ நம்பி இருக்கக்கூடாது. பார்வையாளர் பகுதி விளக்குகள் கன்சோல் அணைந்திருக்கும்போதும் சுவர் சுவிட்சில் எரிய வேண்டும். துப்புரவுப் பணியாளர் கன்சோலை இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை வரக்கூடாது. சிக்னல் அறுந்தால் உங்கள் டிம்மர்கள் கடைசி நிலையிலேயே நிற்குமா, இருட்டாகுமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அரங்கு காலியாக இருக்கும் ஒரு நாளில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் கன்சோலைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் அரங்கில், உங்கள் டிம்மர்களோடும் உங்கள் எல்இடி விளக்குகளோடும் இணைத்துத்தான் காட்ட வேண்டும். விற்பனையாளர் விரல்கள் பறக்க வித்தை காட்டி முடித்ததும், அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இதுவரை கன்சோலைத் தொடாத இரண்டு மாணவர்களை உட்கார வையுங்கள். முழு மேடையையும் ஒளிரச் செய், பின்திரையை நீலமாக்கு, இதை முதல் கியூவாகப் பதி, ஐந்து நொடியில் இருட்டுக்குப் போகும் இரண்டாம் கியூவைப் பதி, பிறகு இரண்டையும் ஓட்டு என்று மட்டும் சொல்லுங்கள். கையேட்டைப் பார்க்கலாம், விற்பனையாளர் வாயைத் திறக்கக்கூடாது. கால் மணி நேரத்தில் அவர்கள் முடித்துவிட்டால் அந்தக் கன்சோல் உங்கள் பள்ளிக்கு ஏற்றது. இந்தச் சோதனையில் தோற்ற கன்சோலை, மற்ற எல்லாச் சிறப்புகளுக்காகவும் வாங்கிய பள்ளிகளை நான் அறிவேன். அங்கெல்லாம் இப்போது அந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கும்.

எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில் எனக்குப் பழைய நம்பிக்கை இல்லை. இன்றைய கன்சோல்களின் உள்ளே இருப்பது ஒரு கணினியும் தொடுதிரையும்; ஃபேடர் தேய்வதற்கு முன்பே மென்பொருளுக்கான ஆதரவு நின்றுவிடலாம். உங்கள் பழைய கன்சோல் இருபது ஆண்டு ஓடியதை அளவுகோலாக வைக்காமல், பத்து ஆண்டு என்று கணக்கிட்டு நிதி கேளுங்கள். பயன்படுத்திய கன்சோல் மலிவாக வந்தால், அதற்கு உற்பத்தியாளர் இன்னும் மென்பொருள் வெளியிடுகிறாரா, உதிரிபாகம் தருகிறாரா என்று முதலில் பாருங்கள்.

புதியது வந்ததும் பழைய கன்சோலை உடனே அகற்றிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் முடியும்வரை அதை மேசையின் ஓரத்திலேயே வைத்திருங்கள். புதியது எங்காவது உறைந்து நின்றால், டிஎம்எக்ஸ் கேபிளை அதிலிருந்து பிடுங்கி இதில் செருகி, வேலை செய்யும் ஃபேடர்களை மேலே தள்ளினால் மேடையில் ஒளி வந்துவிடும். கியூவை மறக்கும் கன்சோலுக்கும் அந்த ஒரு வேலையைச் செய்ய நினைவு தேவையில்லை.